காளான் பொட்டலம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பயப்படாதே. காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று நர்ஸிடம் சண்டை போடுகிற அளவுக்கு அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனை வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

போன வாரம் பனி உருகி முதல் மழை பெய்தது. பஸ் ஓட்டிய காலத்திலேயே அப்பா இந்த மழைக்கு லீவு போட்டுவிடுவார், உனக்குத் தெரியும். காட்டுக்குப் போய், தேன்கூடு மாதிரிக் குழிகுழியாக இருக்குமே, அந்தக் காளானை ஒரு கூடை பொறுக்கி வந்தார். கழுவும்போது ஒன்று கையில் கனத்தது. நீளவாக்கில் வெட்டினால் உள்ளே வெறும் கூடாக இருக்க வேண்டாமா? இதில் பஞ்சு அடைத்த மாதிரி சதை. தலையில் குழியில்லை, மூளை போல மடிப்பு. சின்ன வயதில் அவரே நமக்குக் காட்டி, தொடவே கூடாது என்று மிரட்டிய அதே விஷக்காளான்.

எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்குக் கண்ணு தெரியலப்பா, இனிமே காட்டுப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டேன். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். தினமும் முப்பது பேர் கண்ணைப் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணில் புரை வளர்ந்தது தெரியவில்லை. அந்த ஆத்திரத்தை அவர்மேலேயே காட்டிவிட்டேன் போல. இரண்டு நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று நான் கடைக்குக் கிளம்பியதும் மறுபடி போயிருக்கிறார். மத்தியானம் வந்தால் வீடெல்லாம் வெண்ணெய் வாசனை. பாதித் தட்டைச் சாப்பிட்டுவிட்டு மீதியை எனக்கு மூடி வைத்திருந்தார். "சாப்பிட்டுப் பாரு, அப்புறம் சொல்லு எனக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு" என்றார். நான் தொட்டியில் கிடந்த காம்புத் துண்டுகளைப் புரட்டினேன். ஒன்றில் பஞ்சு.

 எப்படியோ ஒரு வாடகைக் காரில் ஏற்றினேன். "காளானால ஒண்ணும் ஆகாது, இவன் கியர் போடுற லட்சணத்துலதான் எனக்கு வாந்தி வரும்" என்று வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது. நாலு தடவை. ஈரலில் விஷம் ஏறியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். நான் இந்த வராந்தாவை எத்தனை முறை அளந்தேன் என்று தெரியாது.

இங்கே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன் அக்கா, கூப்பிட்டார்கள். ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். கண்டம் தாண்டிவிட்டது.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் வெளியே போனதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவளுக்கு போன் போடு, சீக்கிரம்" என்றார். நீ கோபித்துக்கொண்டு போன இந்த ஐந்து வருடத்தில் உன் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை. வருடா வருடம் காளானை உலர்த்தி, அனுப்புகிறவர் பெயர் போடாமல் உனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாராம். பத்து நாளைக்கு முன் அனுப்பியதில் இருப்பது போன வருடம் பொறுக்கியது. "அப்பவே எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா, யார்கிட்டயும் சொல்லல" என்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

உன் போன் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. மாற்றியதை எங்களிடம் சொல்ல உனக்குத் தோன்றவில்லை, போகட்டும். இன்றைக்கே விரைவுத் தபாலில் இதைப் போடுகிறேன்.

அந்தப் பொட்டலத்தை எறிந்துவிடு. உலர்த்தினாலும் விஷம் முழுசாகப் போகாதாம். ஏற்கெனவே வாயில் வைத்திருந்தால் உடனே டாக்டரிடம் போ. முந்தைய வருடங்களில் வந்தவற்றைச் சாப்பிட்டாயா, பிரிக்காமலே வீசினாயா, எனக்குத் தெரிய வேண்டாம். அப்பாவுக்கு மட்டும் ஒரு வரி எழுது, முன்பு வந்ததையெல்லாம் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று. பெரிய பெரிய எழுத்தாக எழுது அக்கா. நான் படித்துக் காட்டினால் நம்ப மாட்டார்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
உன் தங்கை