புற்றுக்கு வந்தவர்கள்

பாலைக்குளம்
17.7.1966

அன்பு மகள் நேசமலருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையால் இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. அப்பா மிளகாய்க் கன்றுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிவிட்டு வந்து, இந்தக் கடிதம் முடியுமட்டும் தேத்தண்ணி கிடைக்காது என்று தெரிந்து, பக்கத்தில் செருமிக்கொண்டிருக்கிறார். செருமட்டும்.

நீ லண்டனில் புற்றுநோய் வார்ட்டில் நேர்ஸ் வேலை பழகுகிறாய் என்றும், அங்கே நோயாளிகள் வந்து ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே பஸ்ஸேறி வீட்டுக்குப் போகிறார்கள் என்றும் பெரிய அதிசயமாக எழுதியிருந்தாய். மகளே, அதே வேலையைத்தான் உன் அம்மா இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால், முன்பு அரிசி மூட்டை அடுக்கிய அறையில், தைமாதம் தொடங்கிச் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் பெரிய டொக்டர் பரமலிங்கம் கொழும்போடு மல்லுக்கட்டி வாங்கிய பிரிவு இது. கொழும்பில் ஒப்பரேஷனோ ரேடியமோ முடித்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் இங்கே வர வேண்டும். இரத்தம் பார்த்து, ஊசியை மெல்ல மெல்ல ஏற்றி, சத்தி எடுத்தால் பேசின் பிடித்து, கஞ்சி கொடுத்து அனுப்புவது என் பொறுப்பு. நாலு கட்டில், ஒரு கதிரை, ஒரு மறைப்புச் சீலை. ஆனால் ஆட்கள்தான் வரவில்லை. ஒரு வெள்ளி இரண்டுபேர், அடுத்த வெள்ளி நானும் பேசினும் மட்டும்.

காரணம் அந்தப் போர்ட். டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடித்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்துகிற மாதிரிச் சிவப்பு எழுத்தில் "புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு" என்று சுவரில் எழுதுவித்துவிட்டார். எங்கள் சனம் அந்தப் பெயரை வாயாலும் சொல்லாது, "அந்த வருத்தம்" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தும். அந்த எழுத்துக்குக் கீழே பஸ் நிறைந்த சனம் பார்க்க யார் நுழைவார்கள்? டொக்டரிடம் சொன்னேன். "வருத்தத்தில என்ன மிஸி வெக்கம்" என்று எனக்கே பாடம் எடுத்தார். வருகிறவர்கள் இல்லாவிட்டால் வருட முடிவில் பிரிவை மூடி மருந்தைத் திருப்பி எடுப்போம் என்று கொழும்பிலிருந்து அவருக்குக் கடிதமும் வந்துவிட்டது.

எனக்கு மற்ற யாரையும் விட மல்லாவி அன்னபாக்கியத்தை நினைத்துத்தான் நித்திரை இல்லை. கொலனியில் வயல் செய்கிற பெண், மார்பில் ஒப்பரேஷன் செய்து வந்தவள். ஊசியை ஒழுங்காகப் போட்டால் தப்பிவிடுவாள், விட்டால் திரும்ப வந்துவிடும். அவள் பஸ்ஸில் வந்து, இறங்கி, போர்ட்டைப் பார்த்து, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள். ஒருமுறை அல்ல, பலமுறை. ஆள் அனுப்பிக் கேட்டால், "மூத்தவளுக்குப் பளையில சம்பந்தம் பேசுறம் மிஸி. தாய்க்கு அந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் பெட்டையை ஆர் எடுப்பினம்? கலியாணம் முடியட்டும், பிறகு வாறன்" என்று பதில். கலியாணம் முடியுமட்டும் அந்த நோய் பந்தலுக்கு வெளியே காத்திருக்குமாம்!

டொக்டர் லீவில் போயிருந்த கிழமை எனக்கு விசர் வந்துவிட்டது. வாச்சர் வீரகத்தியைக் கூப்பிட்டு, "அந்தப் போர்ட்டை முழுக்க அழியுங்கோ" என்று சுண்ணாம்பு வாளியைக் கொடுத்தேன். அந்த மனுசன் ஏணியைச் சாத்தியது கடைசி எழுத்துப் பக்கம். அங்கிருந்து அழித்துக்கொண்டு வந்து, "மிஸி, சுண்ணாம்பு முடிஞ்சுது" என்று இறங்கிவிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சுவரில், முன்னையைவிடச் சிவப்பாக, "புற்று" என்று மட்டும் நிற்கிறது.

பிறகு நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். அடுத்த பஸ் வந்து நின்றதும் கொண்டக்டர் "நாகதம்பிரான் புற்றுக்கு இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ" என்று கூவினான்! முதலில் ஒரு கிழவர் செம்பில் பாலோடு வந்தார், பின்னால் முட்டையோடு பெண்கள். சமையலறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கறையான் புற்று ஒன்று உண்மையாகவே இருந்தது, வன்னியில் எந்த வளவில்தான் இல்லை. அதற்கு மஞ்சள் பூசிக் கற்பூரமும் கொளுத்திவிட்டார்கள். நான் கத்திப் பார்த்தேன், "பெரிய மிஸிக்கு உரு வந்திட்டுது" என்று என்னையும் கும்பிட்டார்கள். கோழி வளர்க்கிற மஹ்றூப் நானா வாசலில் முட்டைப் பெட்டியோடு கடை போட்டுவிட்டார். கேட்டால், "நாங்கள் இதைக் கும்பிடுறேல்லை மிஸி, கோழிதான் எங்கட" என்கிறார்.

அடுத்த வெள்ளி அந்தச் சனத்துக்குள் கையில் முட்டையோடு ஒருத்தி வந்து, வேப்பமரத்தடிக்குப் போகாமல் சட்டென்று என் அறைக்குள் நுழைந்தாள். அன்னபாக்கியம்! கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டி, "இனி ஆர் கேட்டாலும் புற்றுக்குப் போறன் எண்டு சொல்லலாம். அது பொய்யுமில்லைத்தானே மிஸி" என்றாள். எனக்குச் சிரிப்பில் ஊசி பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நாலு கட்டிலும் காணாது, விறாந்தையில் பாய் விரிக்கிறேன். ஆளுக்கொரு முட்டையோடு வருகிறார்கள், அதையே அவித்து அவர்களுக்கே கொடுக்கிறேன், உடம்புக்கு வேண்டியதுதானே. மிச்சம் வீட்டுக்கு வராதோ என்று உன் அப்பா கேட்டார். வராது என்று சொல்லிவிட்டேன். லீவு முடிந்து வந்த டொக்டர் போர்ட்டைப் பார்த்துத் துள்ளினார், உள்ளே சனத்தைப் பார்த்து அடங்கினார், "மக்களுக்குச் சுகாதார அறிவு ஊட்டியதன் பலன்" என்று கொழும்புக்கு எழுதிப் போட்டார். பிரிவை மூடும் கதை இப்போது இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது நேற்று முன்தினம் நடந்தது. அன்னபாக்கியத்துக்கு ஊசி பாதி ஏறிக்கொண்டிருக்கிறது, வாசலில் ஒரு பெண் முட்டையோடு நிற்கிறாள். அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தாள், "ஐயோ, மாப்பிள்ளையின்ர தாய்!" என்று போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். ஊசி ஏறுகிற கை மட்டும் வெளியே. வந்தவள் பளைக் கமலாசனி. ஊசியைப் பிடித்த கையை விட முடியாமல் நான் இருந்த இடத்திலிருந்தே, "புற்று அங்கால, வேப்பமரத்தடியில. நேர போங்கோ" என்று விரட்டினேன். அவள் அசையவில்லை. "அது தெரியும் மிஸி. நான் இந்தப் புற்றுக்குத்தான் வந்தனான்" என்று வாயைத் திறந்து காட்டினாள். கன்னத்தின் உட்பக்கம் புண். மாதக்கணக்காக யாருக்கும் சொல்லவில்லையாம். மகனுக்கு மல்லாவியில் நல்ல இடம் பேசியிருக்கிறோம், பெண் வீட்டார் அறிந்தால் குழம்பிவிடும் என்று பயமாம்.

போர்வை குலுங்கியது. அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து அன்னபாக்கியத்தின் குரல் மட்டும் வந்தது, "சம்பந்தி, அந்த முட்டையை மேசையில வைச்சிட்டு இப்பிடி வந்து இருங்கோ." கமலாசனி அந்தக் கட்டில் ஓரத்தில் இருந்து, போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பார், இத்தனை வருட வேலையில் நோயாளிக்கு முன்னால் அழாத நானும் அழுதுவிட்டேன். பிந்தவில்லை, ரேடியத்துக்குக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று டொக்டர் சொல்கிறார். துணைக்கு அன்னபாக்கியம் போகிறாளாம். கலியாணம் ஆவணியில்.

உனக்கு எல்லா நலமும் பெருக, கைராசிக்காரி என்று அந்த ஊரும் சொல்ல, எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. உன் உடம்புக்கு ஏதும் வந்தால் அம்மா பயப்படுவாள் என்று மறைக்காதே பிள்ளை, முதல் ஆளாக எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்பு அம்மா
விமலேஸ்வரி