ஒட்டாத பல்

மார்ச் 12, 1984

காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு வந்தது, கூடவே சேவூர் ராஜம்மாளும் வந்தாள். வாயைத் திறக்காமல் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே நான் போன மாதம் கட்டிக்கொடுத்த பாதிப் பல்.

இது இரண்டாம் தடவை. முதல் தடவை முறுக்கு கடித்திருப்பாள் என்று அவளைத் திட்டி அனுப்பினேன். இன்று அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் பகீரென்றது. உடைந்து வரவில்லை. முழுசாகக் கழன்று வந்திருக்கிறது. பல்லோடு ஒட்டியிருக்க வேண்டிய பக்கம் வழவழவென்று இருக்கிறது. அப்படியென்றால் ஒட்டவே இல்லையா? இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்ததா?

எப்படி முடியும்? எனாமலில் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, ஊதிக் காயவைத்தால் அந்த இடம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கும். பசை அந்தக் குழிகளில் இறங்கிக் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். வெளுத்ததை நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாக் கட்டை தெறித்து வாயில் அடித்து உடைந்த பல். உடைந்தாலும் உயிருள்ள பல், வேர் கல் மாதிரி இருக்கிறது. இதைக் காப்பாற்ற முடியாவிட்டால் நான் எதற்கு இந்த ஊரில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

மார்ச் 13

மறுபடி கட்டினேன். அமிலம், தண்ணீர், காற்று எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே. வெளுத்தது. திரும்பி மேசையில் பசையின் இரண்டு பாகத்தையும் கலந்தேன், வழக்கம்போல் இன்னொரு தரம் ஊதினேன், வைத்தேன். நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

“இந்த வாட்டி நிக்குமா டாக்டரம்மா?” என்றாள். நிற்கும் என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்!

மார்ச் 16

தபால் ஆபீஸ் முருகேசன் வேறு பல்லுக்காக வந்தார். போன வருஷம் அவருக்குக் கட்டிய முன்பல் அப்படியே இருக்கிறது. அதே அமிலம், அதே பசை, அதே கை. கரும்பு கடிக்கிறாராம், பெருமையாகச் சொல்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 29

விழுந்துவிட்டது.

அவள் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் வேணுகோபாலைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அவர்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, “வுடுங்க டாக்டரம்மா, அது ஒட்டாத பல்லு” என்றார். ஒரு வாரம் கழித்து அழைத்து வாருங்கள், மெட்ராஸிலிருந்து புதுப் பசை வரவழைக்கிறேன் என்றேன். தலையாட்டினார்.

ஒட்டாத பல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நாலு வருஷம் படித்தவள் அங்கேயே சொல்லியிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 6

புதுப் பசை வந்துவிட்டது. ராஜம்மாள் வரவில்லை.

ஏப்ரல் 11

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

இன்று ராஜம்மாளின் நாத்தனார் காசியம்மாள் வந்தாள். அவளும் தறிக்காரிதான். முன்பல் ஓரம் தேய்ந்து பள்ளம். புதுப் பசையைத் திறந்தேன். அமிலம் வைத்துக் கழுவி ஊதினேன், பளிச்சென்று வெளுத்தது. பசை கலக்கத் திரும்பினேன். கலக்கும் குச்சி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்து நிமிரும்போது பார்க்கிறேன் — அவள் நாக்கு மேலே வந்து அந்த வெளுத்த இடத்தைத் தடவிவிட்டு உள்ளே போகிறது. ஒரு நொடிதான். மறுபடி வந்தது. மறுபடி போனது.

“ஏன்மா நாக்க வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“வெச்சேனா?” என்றாள். பொய் இல்லை. அவளுக்கே தெரியவில்லை.

எச்சில்! எச்சில் பட்டால் குழியெல்லாம் அடைபட்டுப் போகும். முதல் வருஷப் பாடம். நான் திரும்பி வந்து இன்னொரு தரம் ஊதுகிறேன் பாருங்கள், அதில் ஈரம் காய்ந்து மறுபடி வெளுத்த மாதிரி ஆகிவிடுகிறது. எச்சில் படலம் மட்டும் போவதில்லை. அதன்மேல் பசையை வைத்துவிட்டு, ஒட்டவில்லையே ஒட்டவில்லையே என்று மெட்ராஸுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடி குணசுந்தரி, நீயெல்லாம் ஒரு டாக்டர்!

காசியம்மாளின் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு மறுபடி அமிலத்திலிருந்து ஆரம்பித்தேன். நாளைக் காலை முதல் வேலை சேவூர்.

ஏப்ரல் 12

போனேன்.

ராஜம்மாள் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, தீர்ந்த பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். பழைய இழையும் புது இழையும் சேர்த்து முறுக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் இழை. சிலர் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். இவளுக்கு எச்சில். நாக்கு முன்பல்லுக்கு வருகிறது, விரல் நாக்கைத் தொடுகிறது, இழை முறுக்குகிறது. மறுபடி நாக்கு. முருகேசனின் பல் மட்டும் ஏன் நின்றது என்று இப்போது புரிகிறது. இந்த வீட்டுக்குள் ஒரே ஒரு நாள் நான் வந்திருந்தால் போதுமே.

“வாங்க டாக்டரம்மா” என்று சிரித்தாள்.

பல் இல்லை. முன்வரிசையில் பொந்து.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். போன வாரம் சந்தைக்கு வந்த பல் பிடுங்குகிறவரிடம் புருஷன் அழைத்துப் போனாராம். “உங்கள இன்னும் எத்தினி வாட்டி பேஜார் பண்றது. எதுவுமே ஒட்டாத பல்ல வெச்சிகினு என்னா பண்றது, புடுங்கினு வந்துட்டேன்.” எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று, கல் மாதிரி வேர் உள்ள பல்லை — எனக்காக! தெய்வமே.

காரணத்தைச் சொன்னேன். முதலில் புரியாமல் பிணைத்துக்கொண்டே கேட்டாள். அவள் விரலைக் காட்டினேன். விரலைப் பார்த்தாள். வேலை நின்றது.

“அப்போ என் பல்லு மேல தப்பில்லியா?”

இல்லை என்றேன்.

“ஊட்ல எல்லாரும் என் ராசின்னு சொல்லிகினு இருந்தாங்க” என்றாள். அப்புறம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. பாயசம் வைக்கவில்லை.

ஜூன் 4

காசியம்மாள் வந்து காட்டினாள். இம்மிகூட அசையவில்லை. ராஜம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாளாம். பொய்ப்பல் கட்டித் தருகிறேன் என்று மூன்று தரம் சொல்லி அனுப்பிவிட்டேன். வேண்டாமாம்.

ஆகஸ்ட் 20

ராஜம்மாள் தானாகவே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவள் பல். அதே உடைந்த பல், வேரோடு.

“புடுங்கினவரு தூக்கிப் போடத்தான் சொன்னாரு. மனசு வரல” என்றாள். பொய்ப்பல் வேண்டாமாம், இதையே வைக்க முடியுமா என்று கேட்டாள்.

முடியும். கல்லூரியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வேரை வெட்டிவிட்டு, உடைந்த பாதியைப் பசையால் கட்டி, அந்தப் பல்லை இரண்டு பக்கத்துப் பற்களின் எனாமலோடு ஒட்ட வேண்டும். ஈறும் நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் இதுவும் விழுந்தால்? இன்னொரு தடவை இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்படியெல்லாம் யோசித்து, நாளைக்கு வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 21

நாக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடினேன். “நானே புடிச்சிக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, துணியைச் சுற்றித் தன் நாக்கைத் தானே பிடித்துக்கொண்டாள். அமிலம் வைத்தேன், கழுவினேன், காயவைத்தேன், பசை கலந்தேன். கெட்டியாகும்வரை விடவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, அப்போதும் விடவில்லை. முடிந்தது என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 18, 1985

ராஜம்மாள் தன் தெருக்காரி ரங்கம்மாளை அழைத்து வந்தாள். அவளுக்கும் உடைந்த முன்பல். ஒட்டினது நிக்குமா, சாப்பிட்டா கழண்டுக்குமா என்று ஓயாமல் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ராஜம்மாள் குனிந்து வாயைத் திறந்து காட்டினாள்.

எது ஒட்டினது என்று கேட்டாள் ரங்கம்மாள். நீயே சொல்லு என்றாள் இவள். ரங்கம்மாள் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள், கிட்டப் போய்ப் பார்த்தாள், கடைசியில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

அது இல்லை. ராஜம்மாள் என்னைப் பார்த்தாள். எது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.