செங்கமலம் ஏன் உறுமுகிறாள்?

கூத்தாநல்லூர்
12.6.1995

அன்புள்ள மச்சானுக்கு, ஹபீபுன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மாமியும் சுகம். தம்மாம் வெயில் உங்களை என்ன பாடு படுத்துகிறதோ என்பதுதான் இங்கே பேச்சு. தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை, இந்த வருஷமும் குறுவையை நம்புவதற்கில்லை என்று நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் தங்கையன் சொல்லிவிட்டுப் போனார். மாமிக்கு முட்டிவலி. நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது.

வழக்கமாக இதோடு கையெழுத்துப் போட்டுவிடுவேன். இன்றைக்கு முடியாது. எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணமான புதிதில் மன்னார்குடிக்குக் கூட்டிப்போய் ‘மூங்கில் பங்களா’ காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? அதற்கு இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த தெரு ரோஸ்லின் டீச்சர் தன் தம்பி கடையிலிருந்து கேசட் கொண்டுவந்தார். மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் டீச்சரும் வீடியோ டெக்கில் போட்டோம். “பேய்ப்படமெல்லாம் வீட்டுல ஓட்டலாமா, இருக்குற பரக்கத்தும் போயிடும்” என்று மாமி உள்ளே போய்ப் படுத்தார்கள். பிறகு பார்த்தால் கதவிடுக்கில் மாமியின் மூக்குக்கண்ணாடி பளபளக்கிறது.

மச்சான், முதல் பாகத்தில் செங்கமலம் எப்படிப்பட்ட பேய்! கிணற்றில் தள்ளிக் கொன்ற பண்ணையாரை அவள் கொல்லவே இல்லை. “நடந்ததை ஊரைக் கூட்டிச் சொல்லு, நான் போயிடுறேன்” என்று ஒரே ஒரு வேண்டுகோள்தான். படம் முழுக்க முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் காட்டினார்கள். அந்தக் குரலுக்கே கொட்டகை உறைந்து கிடந்தது. இரண்டாம் பாகத்தில் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. கண்ணில் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, கோழியைக் கடிக்கவிட்டு, இரண்டரை மணி நேரமும் உறுமவைத்திருக்கிறார்கள். அவ்வளவு நன்றாகப் பேசினவள் ஏன் உறுமுகிறாள்? நாக்கு அறுந்தா போயிற்று? கடைசியில் ஒரு மந்திரவாதி விளக்குமாற்றால் அடித்து அவளை எரித்துவிடுகிறான், எல்லாரும் சிரித்துக்கொண்டே குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கொன்றவனின் மகன்தான் ஹீரோ. நியாயமா இது?

கடிதத்தில் எழுதுகிற விஷயமா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு யாரிடம் சொல்வேன்.

உங்கள்
ஹபீபுன்னிசா

---

தம்மாம்
4.7.1995

அன்புள்ள ஹபீபு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

தைலம் இரண்டு பாட்டில் நம் பக்கத்து ஊர் அத்திக்கடைக்காரர் ஒருவர் வசம் அனுப்பியிருக்கிறேன். உம்மாவை வெயிலில் அலைய விடாதே.

நீ திட்டுகிற அந்த இரண்டாம் பாகத்தை நாங்களும் பார்த்தோம். நல்ல விறுவிறுப்பான படம். குடோனில் நாள் முழுக்க மூட்டை எண்ணிவிட்டு வருகிறவனுக்குச் செங்கமலத்தின் நியாயமெல்லாம் எதற்கு? கோழி பறந்தது, ரூமில் எல்லாரும் சிரித்தோம், தூங்கினோம். இந்த நாட்டில் தியேட்டரே கிடையாது, கிடைக்கிற கேசட்டில் குற்றம் பார்க்க முடியுமா?

ஆனாலும் உன் கடிதத்தில் படத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் ரூமில் வாசித்துக் காட்டினேன். உம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நாக்கு அறுந்தா போயிற்று” என்ற இடத்தில் ஒருவர், “அது சரிதானப்பா” என்றார்.

அதே கதையை ஹிந்தியில் எடுத்திருக்கிறார்களாம். கிடைத்தால் பார்த்துவிட்டு எழுது.

லியாகத் அலி

---

கூத்தாநல்லூர்
21.8.1995

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

மாமியின் முட்டிவலி தைலத்துக்குக் கேட்கிறது. வெண்ணாற்றில் ஒருவழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. தங்கையன் சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்.

ஹிந்திப் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அவர்கள் செங்கமலத்தைப் பனிமலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூங்கில் இல்லை, பங்களா மட்டும் இருக்கிறது. நம் படத்தில் மூங்கில் காற்றில் உரசுகிற சத்தம்தானே பாதி பயம்? இவர்கள் அதற்குப் பதிலாக நாயைக் குரைக்க விட்டிருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பேய்க்கு ஒரு பாட்டு, அதற்கு ஈரப்புடவை. கிணற்றில் செத்தவள் நனைந்துதான் இருப்பாள், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இடுப்பை ஆட்டுவாளா? ஒரு கதையை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் அதன் பயம் எதில் இருக்கிறது என்று பார்த்து எடுத்துப்போக வேண்டாமா? பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், சோற்றை இங்கேயே வைத்துவிட்டு.

என் கடிதத்தை நாலு பேர் கேட்டார்கள் என்றதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

உங்கள்
ஹபீபு

---

தம்மாம்
17.9.1995

அன்புள்ள ஹபீபு,

சுகம். சோற்றுப் பாத்திரம் பிரமாதம். இனிமேல் எந்தப் பேய்ப்படம் பார்த்தாலும் உடனே எழுது. கொஞ்சம் விரிவாக எழுது. முதலில் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு திட்டு. இசை, கேமரா பற்றியும் இரண்டு வரி இருக்கட்டும். வீட்டு விஷயங்களைத் தனித்தாளில் எழுதினால் எனக்கு வசதி.

லியாகத் அலி

---

கூத்தாநல்லூர்
10.1.1996

அன்புள்ள மச்சானுக்கு,

இத்துடன் மூன்று படங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், நீங்கள் கேட்டபடி தனித்தாளில். இனி நோன்பு முடிகிறவரை டெக்கைத் துணி போட்டு மூடிவைக்கப் போகிறேன், அதனால்தான் இவ்வளவு அவசரமாக மூன்று.

மூன்றாவதாக எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். நன்றாக ஓடிய ஒரு பேய்ப்படத்துக்கு ஏன் இரண்டாம் பாகம் உருப்படுவதில்லை என்று யோசித்து எழுதினேன். முதல் பாகத்தில் பேய்க்கு ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை தீர்ந்ததும் அவள் போய்விடுகிறாள். திரும்பக் கூட்டிவருகிறவர்களுக்கு அவளுடைய குறை தேவையில்லை, அவள் கூந்தல் மட்டும் போதும். அதனால்தான் அவர்கள் படத்தில் பயமே வருவதில்லை. இதை எழுதி முடிக்க எனக்கு நாலு மத்தியானம் பிடித்தது.

ஒன்று சொல்லட்டுமா? நமக்குக் கல்யாணமாகி நீங்கள் வெளிநாட்டுச் சபர் போனதிலிருந்து, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தைலத்தையும் தண்ணீரையும் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியிடம் பேசலாம், ரோஸ்லின் டீச்சரிடம் பேசலாம், புருஷனிடம் பேச ஒன்றுமில்லையே என்று இருந்தது. இப்போது தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். “விரிவாக எழுது” என்று நீங்கள் எழுதினதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா.

உங்கள்
ஹபீபு

---

கூத்தாநல்லூர்
18.3.1996

ஜனாப் லியாகத் அலி அவர்களுக்கு,

பெருநாள் கழித்து ரோஸ்லின் டீச்சர் வந்தார். கையில் ‘கொட்டகை’ வாரப் பத்திரிகை. “ஹபீபு, ஸ்வீட் எடு! உன் வீட்டுக்காரர் இவ்ளோ நல்லா எழுதுவாருன்னு நீ சொல்லவே இல்லையே” என்றார். வாங்கிப் பார்த்தேன். ‘பாலைவன ரசிகர் பக்கம், தம்மாமிலிருந்து லியாகத் அலி.’ பக்கத்தில் உங்கள் பாஸ்போர்ட் போட்டோ.

கீழே என் எழுத்து.

பழைய இதழ்களையும் டீச்சர் தம்பி கடையிலிருந்து வரவழைத்துப் பார்த்தேன். செங்கமலம், பனிமலை, சோற்றுப் பாத்திரம், எல்லாம் வந்துவிட்டன. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மாமி மட்டும் ‘என் அறை நண்பர் ஒருவர்’ ஆகிவிட்டார். பெற்ற தாயைக்கூட விட்டுவைக்கவில்லையே!

அதையும் பொறுத்துக்கொள்வேன். செங்கமலத்துக்கு நடந்த அநியாயத்தைப் ஒரு பக்கம் முழுக்க நான் எழுதினேனே, அதன் கடைசியில் ‘இருந்தாலும் இரண்டாம் பாகம் நல்ல விறுவிறுப்பு’ என்று ஒரு வரியைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறீர்கள். அடுப்படியில் நின்று அதை இரண்டு தடவை படித்தேன். திருடுகிறவர் திருடியதை உருப்படியாகவாவது வைத்துக்கொள்ளக் கூடாதா? நான் திட்டிய அத்தனை பேரும் செய்ததைத்தானே நீங்களும் செய்திருக்கிறீர்கள்?

மாமி அந்தப் பத்திரிகையை முந்தானையில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய், “எம் மவன் எழுதுனது, படிச்சுப் பாருங்க” என்று காட்டிவிட்டு வந்தார்கள். எழுதியது யார் என்று மாமிக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கதையை முதலில் சொல், இசையைப் பற்றி இரண்டு வரி, வீட்டு விஷயம் தனித்தாளில். எல்லாம் பத்திரிகைக்காகத்தான் கேட்டீர்கள். என் புருஷன் என்னிடம் பேச ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நாலு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன்.

ஹபீபுன்னிசா

---

தம்மாம்
9.4.1996

அன்புள்ள ஹபீபு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் நீ என்னைத் திருடன் என்று எழுதியது அதிகம். நீ வேறு, நான் வேறா? ரூமில் எல்லாரும் “அனுப்பு அனுப்பு” என்றார்கள், ஒரு தடவை விளையாட்டாக அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். தொடர்ந்து எழுதச் சொல்லி ஆசிரியரே கடிதம் போட்டார். இங்கே நான் ஸ்டோர்கீப்பர், யாரும் என்னை ஏனென்று கேட்டதில்லை. இப்போது ஜுபைலிலிருந்துகூடக் கேசட்டைக் கொண்டுவந்து, “பாய், இது எப்படி?” என்று கேட்கிறார்கள்.

கூத்தாநல்லூரில் ஒரு பொம்பளை பேய்ப்படத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று பத்திரிகையில் பேர் வந்தால் ஊர் என்ன பேசும்? உன் பேர் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் என் பேரைப் போட்டேன். இங்கே பத்திரிகையில் பெண்கள் படம் வந்தால் கறுப்பு மை பூசித்தான் விற்பார்கள். செங்கமலத்தின் கைக்குக்கூடப் பூசியிருந்தார்கள்.

சரி, உனக்கு ஆசை என்றால் ஒன்று செய்வோம். இனிமேல் ‘திருமதி லியாகத் அலி’ என்று போட்டே அனுப்புகிறேன். ஆசிரியர் அடுத்ததைக் கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டார். சீக்கிரம் அனுப்பு.

லியாகத் அலி

---

கூத்தாநல்லூர்
2.5.1996

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

திருமதி லியாகத் அலியா? அவள் யார்? அவள் எந்தப் படமும் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுததை மாமி பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத்தான் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். மாமி முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்கள்:

“அவனா எழுதுனான்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கொட்டாயில பேய் வந்தா என் மடிக்குள்ள மூஞ்சியப் பொதச்சிக்கிற புள்ள அவன். அவனுக்குப் பேயப் பத்தி என்னா தெரியும்?”

“ஊர் பேசும்னு எழுதியிருக்காங்க மாமி” என்றேன்.

“எந்த ஊரு? அந்த ஊரு பூராவும் நாந்தான் புத்தகத்தக் காட்டிட்டு வந்துருக்கேன், எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னாளுவ. இப்ப மறுபடியும் போயி, எழுதுனது மவன் இல்ல, மருமவதான்னு சொல்லணும். என் முட்டிக்கு வந்த கேடு!”

சொன்னபடி சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பிப் போனார்கள், மச்சான். எல்லா வீட்டுக்கும்.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் ஒன்றைக் கலரில் மறுபடி எடுத்திருக்கிறார்களே, அதைப் பற்றி எழுதி நேற்று ‘கொட்டகை’க்கு நானே அனுப்பிவிட்டேன். கீழே என் பேர், என் ஊர். பழைய பக்கங்கள் யார் எழுதியவை என்று ஆசிரியருக்கு நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி உங்களுக்கு வழக்கம்போலக் கடிதம் வரும். மாமி சுகம், தண்ணீர், பயிர், எல்லாம் எழுதுவேன். படங்களைப் பற்றி மட்டும் எழுத மாட்டேன். நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால், எல்லாரையும் போலப் பத்திரிகை வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஹபீபுன்னிசா

---

தம்மாம்
20.6.1996

அன்புள்ள ஹபீபுன்னிசா, அஸ்ஸலாமு அலைக்கும்.

பத்திரிகை இங்கே தாமதமாகத்தான் வரும். நேற்றுக் கடையில் வாங்கி, நின்றபடியே படித்தேன். ‘ஹபீபுன்னிசா, கூத்தாநல்லூர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேருக்கு யாரும் மை பூசவில்லை.

ரூமில் கேட்டார்கள். “யாரு பாய் இது, ஒங்க ஊரா இருக்கு? ஒங்களவிட நல்லா எழுதுறாங்களே.”

“என் பொஞ்சாதி. இத்தனை நாளும் எழுதுனது அவதான்” என்றேன்.

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒருவர் கேசட்டோடு வந்தார், என்னைப் பார்த்ததும் கேசட்டைக் காட்டாமலே திரும்பிப் போய்விட்டார். ஆசிரியருக்கும் எழுதிப்போட்டுவிட்டேன். என் போட்டோவை இனிப் போட வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எழுதியிருந்த படத்தை ராத்திரி ஷிப்ட் ஆட்கள் போன பிறகு தனியாகப் பார்த்தேன். உம்மா சொன்னது சரிதான், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாதியில் விளக்கைப் போட்டுக்கொண்டேன். முழுசாகப் பார்த்தேன். பழைய படமே மேல் என்று நீ சொன்னது ஏன் என்று எனக்கே புரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. படத்தின் கடைசியில் அந்தப் புருஷன் பேயாகிப்போன பொஞ்சாதிக்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவள் வந்தாளா, இல்லையா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

படங்களைப் பற்றி எனக்கு எழுத மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். அதனால் ‘கொட்டகை’ வாசகர் கேள்விப் பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், என் பேரில். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஒவ்வொரு வாரமும் பத்திரிகை வாங்கிக்கொண்டிருப்பேன்.

உன்
லியாகத் அலி