வியன்னாவில் குத்திய குண்டூசி

அனுப்புநர்:
செ. ஆனந்தராஜா,
செயலாளர், தமிழ் வாசிகசாலை,
எட்மண்டன், லண்டன்.

பெறுநர்:
அகதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரி அவர்கள்,
லண்டன்.

விடயம்: திரு. க. குகதாசனை ஒஸ்திரியாவுக்கு அனுப்பும் முடிவை மாற்றக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எமது நிர்வாகசபை 09.02.1997 ஞாயிறன்று கூடி, இரண்டரை மணி நேரம் ஆராய்ந்து, வாசிகசாலைச் சுவரிலுள்ள ஐரோப்பியத் தேசப்படத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. பழைய படத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பன்னிரண்டு நாடுகள். புதியதில் பதினைந்து.

2. பழைய படம் 1986இல் மாட்டப்பட்டது. ஊரிலிருந்து அகதியாகப் புதிதாக வந்து சேர்பவருக்கு முதலில் தேநீர். பிறகு அவர் தங்கி வந்த ஒவ்வோர் ஊரிலும் திகதி எழுதிய துண்டுடன் குண்டூசி குத்தி, சிவப்பு நூலை லண்டன் வரை இழுத்துக் கட்டுவார். மொஸ்கோவில் தொலைத்த சப்பாத்து, கிழக்கு பேர்லினில் கிடைத்த முதற் சோறு என்று பேச்சு நீளும். வந்தவர் ஒருமுறையாவது சிரிக்கும் வரை யாரும் வீட்டுக்கு எழும்புவதில்லை. நூல் முடிந்துபோன ஒரு மாலையில், தேநீர் ஊற்றும் திருமதி கமலாம்பிகை தமது கம்பளிச் சட்டையின் கையைப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் கம்பளி நூல் பழைய படத்தில் இன்னும் மாட்ரிட்டிலிருந்து லண்டனுக்கு வருகிறது.

3. குகதாசன் 27.11.1994 அன்று வந்தார். ஒஸ்திரியாவின் வியன்னாவில் பதினொரு நாள் தங்கியதாகக் குத்தினார். "கோப்பி திறம் அண்ணை. எண்டாலும் அங்கை ஆரைத் தெரியும்? அக்கா இஞ்சையெல்லோ இருக்கிறா" என்றார். அக்கா வசந்தமலரைத் தவிர அவருக்கு உயிருடன் உறவினர் எவரும் இல்லை.

4. சென்ற ஆண்டு தாங்கள் அவரிடம், வந்த வழிக்கு ஆதாரங்கள் கோரினீர்கள். அந்தப் படத்தை நிழற்படமாக எடுத்து, ஊர்ப் பெயர்களும் திகதிகளும் விளங்குகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தங்களுக்கு அனுப்பியவன் நானே. அனுப்பும்போது பெருமையாக இருந்தது.

5. ஒஸ்திரியா மனித உரிமைகளை மதிக்கிறது என்று கண்ட பின்னரே ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டதென்றும், ஆகவே அவர் அங்கேயே அடைக்கலம் கேட்டிருக்கலாம் என்றும் பதில் எழுதியுள்ளீர்கள். ஒன்றியம் பெருகுவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. உரிமைகளை மதிக்கும் நாடுகள் கூடக்கூட, அகதி நிற்கக்கூடிய இடங்கள் குறைவது எப்படி என்பது மட்டும் சபைக்கு விளங்கவில்லை. அவர் ஊசி குத்திய அன்று ஒஸ்திரியா சேர இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

6. ஆகவே அவரைப் பழைய படத்தின்படி விசாரித்து, தமக்கையுடன் வாழ விடுமாறு தாழ்மையுடன் கேட்கிறேன். படத்தை அனுப்பிய தவறு என்னுடையது. அதற்கான நடவடிக்கையை என்மீது எடுக்கலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
செ. ஆனந்தராஜா

இடம்: எட்மண்டன்
திகதி: 16.03.1997

இணைப்பு: இம்மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, நிர்வாகசபைத் தீர்மானம்.

பின்குறிப்பு: குகதாசன் சென்ற செவ்வாய்க்கிழமை முதல் தடுப்பு நிலையத்தில் இருக்கிறார். தீர்மானத்துக்குப் பின்னர் மூவர் புதிதாக வந்துள்ளனர். புதிய படத்தில் ஊசி ஒன்றும் இல்லை.