கையில் கொடுத்த கத்தி

மச்சான்,

நாளைக்கு ஆயுத பூஜை. கடையில் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்து, பைண்டிங் கட்டருக்கு எண்ணெய் விட்டு, கடைசியாக உன் மடக்குக் கத்திக்கு வந்தேன். கைப்பிடியில் நீ சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இளகி விரலில் ஒட்டியது. அந்தப் பிசின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நீ போய்ப் பத்து மாதம் ஆகப்போகிறது. அது ஆறவில்லை, ஆற வைக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

2007இல் இதை வாங்க இருவரும் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்குப் பஸ் ஏறினோம். நீ கேபிள் டிவி லைன்மேன். முந்தைய வாரம் கம்பத்தின் மேல் ஒயர் சீவும்போது உன் பழைய கத்தி தானாக மடங்கி, ஆள்காட்டி விரலில் மூன்று தையல். அதனால் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடையில் இருந்த கத்திகளையெல்லாம் திறக்கச் சொன்னாய். கண்ணாடிப் பலகையில் அலகின் முதுகை வைத்து அழுத்தி ஒவ்வொன்றின் லாக்கையும் சோதித்தாய். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கட்டைவிரலால் மட்டும் திறந்து பார்த்தாய். மற்ற கை கம்பத்தைப் பிடித்திருக்குமாம். கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தாய். அலகு ஆடினால் ஒதுக்கினாய். முறுக்கிக்கொள்ளத் திருகு இல்லையென்றால் அதையும் ஒதுக்கினாய்.

கடைக்கார பாய் ஸ்பூன், கத்தரிக்கோல், பல்குச்சி எல்லாம் விரியும் ஒன்றைப் பெருமையாக எடுத்து வைத்தார்.

"ஸ்பூன் எதுக்கு பாய்? போஸ்ட்டு மேல ஒக்காந்து பாயசமா குடிக்கப் போறேன்?"

"நீ கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியாப்பா?"

"பொண்ணு பாக்கறப்ப இவ்ளோ நேரம் பாக்கல பாய். அவளும் அதத்தான் சொல்லிச் சொல்லித் திட்டுறா."

கடைசியில் இரண்டு நின்றன. லாக்கில், அலகில் வித்தியாசம் இல்லை. ஒன்றுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, மற்றதற்கு முழு ஸ்டீல். நீ பிளாஸ்டிக்கை எடுத்தாய். புத்தகம் படித்தவன் என்ற முறையில் நான் குறுக்கே விழுந்தேன். பிளாஸ்டிக் இரண்டு வருடத்தில் விரிசல் விடும், ஸ்டீல் ஆயுசுக்கும் வரும் என்றேன்.

"கரண்ட்டு கம்பத்துல ஏர்றவன்டா நானு. கையில இரும்பு வேணாம்."

"கரண்ட் இருக்கற ஒயருகிட்ட நீ போகவே கூடாதே. அப்புறம் ஸ்டீலா இருந்தா இன்னா?"

கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது, பார். நீ ஸ்டீலை வாங்கினாய். மறுநாளே அதில் டேப் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து, "உன் ஸ்டீலுக்குச் சட்டை போட்டுட்டேன்" என்றாய். அதன்பின் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் புதுச் சட்டை.

கத்தி எனக்குத் தேவைப்பட்டால் மேசையில் வைப்பாய், நான் எடுத்துக்கொள்வேன். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். ஒருமுறை நீ ஏணியில் நின்றுகொண்டு கத்தி கேட்டாய். நான் எட்டிக் கொடுத்தேன். ஆறு படி இறங்கி வந்து, மதில்மேல் என்னை வைக்கச் சொல்லி, எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாய். "நமக்குள்ள சண்டை வேணாம் மச்சான்." இவ்வளவு ஜாக்கிரதையான ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மார்கழிப் புயலில் கம்பங்கள் சாய்ந்து, உங்கள் காடாம்புலியூரில் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. உன் அப்பாவின் தோப்பைப் போய்ப் பார்க்க நீ இரண்டு நாள் லீவு கேட்டாய். முதலாளி கொடுக்கவில்லை. இங்கே ஊருக்கு வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் வைத்திருந்த வீடுகளுக்கு சீரியல் தேவைப்பட்டது. அப்படி ஒரு வீட்டில்தான் மெயினை இறக்காமல் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தார்கள். லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் வைக்கவில்லை. கம்பத்திலிருந்து அறுந்து வாசலில் கிடந்த அவர்கள் வீட்டு ஒயரில் ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி வந்து நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் அதை யார் நினைப்பார்கள்? உன் கேபிளோடு பின்னிக் கிடந்த அந்த ஒயரை நீ கையால் விலக்கினாய்.

வெறுங்கையால். ரப்பர் கையுறை வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். கையுறைக்கு இரண்டு வருடம் யோசித்தவர், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இரண்டு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. உன் படத்தைவிட அவர் படம் பெரிது. கண்ணீர் விடுபவர்தானே முக்கியம்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"கேபிளுங்களா? எங்க தெருவுக்கு எப்ப வரும்?"

"அவரு தவறிட்டாருங்க."

"அய்யய்யோ! பாவம்ங்க." இரண்டு முறை உச்சுக் கொட்டினார். மரியாதை தெரிந்த மனிதர். "அப்ப வேற யாரு வருவாங்க?"

அன்றெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு, ஸ்டீல் கைப்பிடி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ பிளாஸ்டிக் வாங்கியிருப்பாய். பதினாறாம் நாள் கழிந்து உன் மனைவி கத்தியைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, உன் பழக்கம். "மடிச்சபடியே பாக்கெட்டுல இருந்துச்சிண்ணே. வெளியவே எடுக்கல."

டேப்பில் ஒரு கீறல் இல்லை. கத்தியும் குற்றமற்றது, நானும் குற்றமற்றவன். என்மேல் பழி போட்டுக்கொண்டு நிம்மதியாக அழ இருந்த ஒரே வசதியையும் நீ பிடுங்கிக்கொண்டாய். ஒரு கத்திக்கு முழுநாள் செலவழித்தவன், கையுறை வராமல் ஒயரைத் தொட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேலும் எனக்குக் கோபம்தான். யாரோடும் சண்டை வேண்டாம், யாரோடும் சண்டை வேண்டாம் என்றே போய்ச் சேர்ந்தாய்.

இன்றைக்கு டேப்பை மாற்றி முடித்தபோது கடைக்கு ஒருவர் வந்தார். அந்த ஜெனரேட்டர் வீட்டுக்காரர். நல்ல மனிதர் என்று தெருவில் பெயர். சாவுக்கு மாலைகூடக் கொண்டுவந்தார். பத்திர நகல் எடுக்க வேண்டுமாம். பத்திரக் கட்டைச் சுற்றியிருந்த நைலான் கயிறு அவிழவில்லை.

"தம்பி, கத்தி இருக்குங்களா?"

திறந்து, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"கீழ வைங்க தம்பி. கையில வாங்கக் கூடாது, சண்டை வரும்."

"வரட்டும் சார். வாங்கிக்குங்க."

தயங்கி வாங்கினார். கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. "நல்ல கத்தியா இருக்கே, எங்க வாங்கினீங்க?"

"உங்க வாசல்ல செத்தாரே, அவரு கத்தி சார். ஜெனரேட்டருக்கு மாத்தற சுவிட்ச் போட்டுட்டீங்களா?"

கத்தி அவர் கையிலேயே இருந்தது. கீழே வைக்க இடம் தேடினார். நான் மேசையைக் காலியாக்கித் தரவில்லை.

"போடணும்னுதான் தம்பி…" என்றார்.

நீ வேண்டாம் என்ற சண்டையை அங்கிருந்து ஆரம்பித்தேன், மச்சான்.