நான்கு ஃபைல்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்களாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இடது காலில் மறுபடியும் புண் பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். பதறிப்போய் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். முதலில் இதை முழுசாகப் படியுங்கள்.

ரெக்கார்டு அறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்தப் புத்தி எங்கே போகும்? தோல் டாக்டருக்கு ஒரு ஃபைல், எலும்பு டாக்டருக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தேன். ஒருவரிடம் இன்னொருவர் காகிதத்தை நீட்டினால் மரியாதையாக இருக்காது என்று வேறு நினைப்பு. நான்கு பேரும் ஆளுக்கு ஒரு துண்டைத்தான் பார்த்தார்கள்.

புதிதாக வந்த டாக்டரம்மா நான்கையும் கொண்டுவரச் சொல்லி, தேதிவாரியாக மேசையில் பரப்பினார். மாவுக்கட்டுப் போட்டு மூடியபோது புண் நன்றாக ஆறியிருக்கிறது. கட்டைப் பிரித்த மூன்றாம் நாள் திரும்ப வந்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, "இது தானா வர்ற புண் இல்லீங்க ஐயா, அவங்க கையாலயே வர்றது" என்றார்.

என் பெண் நடிக்கிறாளா என்று கத்திவிட்டேன். "வலியும் நிஜம், புண்ணும் நிஜம். ஏன் செய்யறோம்னு அவங்களுக்கே முழுசா தெரியாது. திட்டினா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. அப்புறம் காலே போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேதிகளை நானும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் லீவு முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் புண் தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி என்றதும் ஓடி வந்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவள் நன்றாக இருந்த மாதங்களில் ஒரு போன் கூட இல்லையே. நான் மட்டும் என்ன லட்சணம்? காய்ச்சலா என்று பார்க்க அவள் நெற்றியைத் தொட்டிருக்கிறேன். சும்மா ஒரு நாள் தொட்டதில்லை.

இனி மனநல டாக்டர் வாரம் ஒருமுறை அவளைப் பார்ப்பார், புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும். விஷயத்தை அவரே பக்குவமாகப் பேசுவாராம். நீங்கள் வாய் விடாதீர்கள். நான்கு ஃபைலையும் ஒன்றாகத் தைத்துவிட்டேன்.

தினமும் போன் செய்யுங்கள். புண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ஆறியதும் எழுதுகிறேன், அன்றைக்கு டிக்கெட் எடுங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்பாள். சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லுங்கள் மாப்பிள்ளை, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட காலம் சேர்ந்திருக்க வேண்டும்.

மாமா