அப்பர் பையில் அரிசி

மார்ச் 18, செவ்வாய்

இன்று எட்டு ஜோடிதான் முடிந்தது. நோன்பு வைத்துக்கொண்டு ஷூவின் மேல்தோலை, அதுதான் அப்பரை, இரண்டு ஊசியால் சுருக்கிச் சுருக்கித் தைத்தால், மத்தியானத்துக்கு மேல் கண் பூத்துப் போகிறது. கம்பெனியிலிருந்து வீடு வீடாக வேலை கொண்டுவந்து வாங்கிப்போகிற துரைசாமி அண்ணன் மொபெட்டில் வந்தார். அப்பர் பையைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, "நோன்பு முடியற வரைக்கும் கம்மியாவே குடுங்கம்மா. கம்பெனில நான் பேசிக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்.

ஜமாஅத் கமிட்டி லிஸ்ட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, நோன்பின் இருபத்தொன்றாம் இரவுக்கு, ஏழைகளுக்கு ஜகாத் தானமாக அரிசி, சாமான். பதினான்காவது பெயர் என்னுடையது. வஜீதா, விதவை.

மகள் இரம் லிஸ்டைப் பார்த்தாள். "அம்மி, போன வருஷம் மாதிரி போட்டோல நின்னியானா நான் பரீட்சைக்கே போமாட்டேன்."

போன வருஷம் பேனருக்குக் கீழே அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் கமிட்டி க்ரூப்பிலிருந்து சுற்றிச் சுற்றி அவள் வகுப்புப் பெண்கள் கைக்கே போய்விட்டது. ஒரு வருஷமாக அவள் பெயர் 'ரேஷன் இரம்'. இருபத்தெட்டாம் தேதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. சொன்னால் செய்துவிடுவாள். என்னை உரித்து வைத்திருக்கிறாள், யாரைக் குறை சொல்ல?

மார்ச் 21, வெள்ளி

போனேன். கமிட்டி செகரட்டரி நயீம் பாயின் பச்சை கேட் வீட்டு முன்னால் ஷாமியானா. பேனர். பேனருக்கு எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றார்.

"பாய், சாமான் குடுங்க. போட்டோ வேணாம்."

"போட்டோ இல்லாம எப்டிம்மா? குடுத்தவங்க ப்ரூஃப் கேக்கறாங்க. முந்தா வருஷம் அரிசிய வித்துட்டேன்னு என் மேலயே பேச்சு வந்துச்சு. என் நிலைமையும் கொஞ்சம் பாரு."

அது பொய் இல்லை. அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்ததுதான். ஆனால் அவர் மேல் வந்த பழிக்கு என் முகமா ஜாமீன்?

"உங்க நோட்ல கையெழுத்து போடறேன். பத்து விரல் ரேகை வேணும்னாலும் வெக்கறேன். மூஞ்சி மட்டும் தரமாட்டேன்."

"எல்லாரும் நிக்கறாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

"ஆயிரம் மாசத்தவிட ஒசந்த ராத்திரி, அது எந்த ராத்திரின்னு அல்லாவே மறைச்சு வெச்சிருக்கான். அதைத் தேடற நாள்ல குடுக்கறத நீங்க ஃபிளாஷ் போட்டு காட்டறீங்களே பாய்!"

மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் தலையைக் குனியவில்லை.

மார்ச் 22, சனி

அரிசி டின்னில் கை விட்டால் தகரம் தட்டுகிறது. வீராப்பு சோறு போடாது என்று அம்மா சொல்வாள். சரி, போடாது. அதற்காக வீராப்பே தப்பென்று ஆகிவிடுமா?

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டு முனியம்மாவும் அப்பர் தைக்கிறவள்தான். காலையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள். "துரைசாமி பைய மாத்தி வெச்சிட்டு போய்ட்டாரு. இது உன்னுது."

ஞாயிற்றுக்கிழமை ஏது துரைசாமி?

மேலே கழித்துப்போட்ட அப்பர் இரண்டு. கீழே அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "நான் ஒண்ணும் பாக்கல, நீயும் ஒண்ணும் பாக்கல. அவ்ளோதான்."

அவள் போனபிறகு அழுதேன். வெள்ளிக்கிழமை வராத அழுகை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். கைத்தையலில் அது நடக்காது, இரண்டு கைக்கும் தெரிந்தால்தான் ஒரு தையல் விழும். ஆனால் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பத்து வீட்டுக்காவது இந்தப் பை தினமும் போய் வருகிறது. ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை!

மார்ச் 25, செவ்வாய்

கடைசி வீட்டு புஷ்ரா நினைவாகவே இருந்தது. பெங்களூர் போன புருஷன் நாலு மாதமாகத் திரும்பவில்லை. போட்டோவுக்குப் பயந்து லிஸ்டில் பெயரே கொடுக்காதவள். அவளும் அப்பர் தைக்கிறாள்.

முனியம்மா கொடுத்ததில் பாதியையும் கொஞ்சம் பேரீச்சம்பழத்தையும் பையில் போட்டு, மேலே கழிவு அப்பரை வைத்து மூடித் துரைசாமி அண்ணனிடம் கொடுத்தேன். "இதை புஷ்ரா வீட்டுல வெச்சிடுங்கண்ணே." அவர் பையை முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

உனக்கே இல்லை, நீ யாருக்குக் கொடுப்பது என்கிறாயா வஜீதா? வாங்குகிறவள் கொடுக்கக்கூடாது என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? நோன்பின் இந்தக் கடைசிப் பத்து இரவின் நன்மையைப் பச்சை கேட்காரர்கள் மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களா?

மார்ச் 26, புதன்

துரைசாமி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அம்மா, நேத்து பை மாறிப்போச்சு. புஷ்ரா வீட்டுப் பைய பச்சை கேட் வீட்டுல வெச்சிட்டேன்."

"அங்க ஏன் நீங்க பை வெக்கறீங்க?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ரெண்டு மாசமா அந்த வீட்டு சுகரா பேகம் அம்மாவும் தைக்கறாங்க. பாயோட தோல் யாவாரம் படுத்துடுச்சு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினாங்க. இப்ப வாய் தவறிட்டேன்" என்றார்.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நல்லா வேணும்! நாளை இருபத்தேழாம் இரவு. தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் ஓதக் கூடுவார்கள். ஒரு வார்த்தை போதும். அவர் என்னை நிற்கவைத்த இடத்தில் அவரை நிற்கவைக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

மத்தியானம் சுகரா பேகம் வந்தார். நயீம் பாயின் மனைவி என் வாசற்படி ஏறுவது இதுதான் முதல் தடவை. புர்காவுக்குள்ளிருந்து அந்தப் பையைக் காலியாக மடித்து எடுத்தார். விரல் நுனி எல்லாம் பிளாஸ்திரி. புதிதாகத் தைக்கிற கை.

"துரைசாமிகிட்ட கேட்டேன், நீ குடுத்த பைன்னு சொன்னாரு. எங்களுக்குத்தான் அனுப்பினியா? இல்ல, தப்பி வந்துச்சா?"

நேற்றிலிருந்து நாக்கின் நுனியில் எத்தனையோ பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பிளாஸ்திரி விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உங்களுக்குத்தான் ஆபா."

நோன்பு வாயால் பொய். நன்மையா பாவமா, எந்தப் பக்கத்தில் எழுதவேண்டுமோ, அல்லாவே எழுதிக்கொள்ளட்டும்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "சாப்பிட உக்காந்தப்ப யார் குடுத்தாங்கன்னு அவரு கேட்டாரு. யாரோ போட்டோ எடுக்காம குடுத்திருக்காங்க, சாப்பிடுங்கன்னேன். சோத்துல கைய வெச்சிட்டு அப்டியே உக்காந்திருந்தாரு" என்றார்.

பழைய கையுறையிலிருந்து தோலை வெட்டி விரலுக்கு உறை எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன். பிளாஸ்திரி இரண்டு நாள் கூடத் தாங்காது.

முனியம்மாவும் நானும் சேர்ந்து புஷ்ராவுக்கு வேறு பை கட்டினோம். இந்தத் தடவை நானே கொண்டுபோய் வைத்தேன். ஓதுகிற இடத்தில் பச்சை கேட் வீட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இரம் பரீட்சைக்குப் போனாள். பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி ஒரு தடவை கையை ஆட்டினாள்.

மார்ச் 30, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. நாளை பெருநாள்.

நேற்று கமிட்டி க்ரூப்பில் நயீம் பாயின் குரல்: "இனிமே சாமான் வீட்டுக்கே வரும். போட்டோ கிடையாது. ப்ரூஃப் கேக்கறவங்க வந்து என் மூஞ்சிய போட்டோ எடுத்துக்கங்க." இரம் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள்.

தெருவே என்னைப் பிடித்துக்கொண்டது. "இன்னாடி சொன்ன அவர்கிட்ட?" முனியம்மாவும் விடவில்லை. "ஒண்ணும் சொல்லலை" என்றேன். யாரும் நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் ஷாமியானாவில் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இருக்கட்டும். அடுத்த வருஷம் போன் மறுபடி வெளியே வந்தால் அதைவிட ஜாஸ்தி சத்தம் போடுவேன்.

சாயங்காலம் வாசலில் ஒரு அப்பர் பை. ஞாயிற்றுக்கிழமை. உள்ளே நான் விட்டுவிட்டு வந்த சாமான், சேமியாவும் சேர்த்து. யார் வைத்தார்கள் என்று தேடவில்லை. கால்பங்கை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன், விடிவதற்குள் புஷ்ரா வாசலுக்குப் போய்விடும்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு, இருபத்தேழாம் தேதிப் பக்கங்கள். ஒரு வீட்டின் கஷ்டத்தைப் பெயரோடு, விரலோடு, சோற்றில் வைத்த கையோடு எழுதி வைத்திருக்கிறேன். போனில் எடுத்தால்தான் போட்டோவா?

பால் காய்ச்ச அடுப்புப் பற்றவைத்தாயிற்று. அந்த இரண்டு பக்கத்தையும் கிழிக்கிறேன்.